ஏழு ஏகாம்பரங்களும் ஐந்தாம் விதியும்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. எங்கள் ஊர்க்காரர்கள் எழுதும் வலைப்பதிவுத் தளத்தில் ஐந்தாம் விதியைச் சேர்த்தேன். கருத்துச் சொல்கிறவர்கள் சொந்தப் பெயரில்தான் சொல்ல வேண்டும்.

2. பத்தே நாளில் தளத்தில் ஏழு ஏகாம்பரங்கள், ஒன்பது காமாட்சிகள், ஐந்து வரதராஜன்கள் வந்து நின்றார்கள்.

3. ஒரு ஏகாம்பரம் ஒரு வரதராஜனை எருமை என்று எழுதினார். விதிப்படி அந்த ஏகாம்பரத்தை ஏழு நாள் தடை செய்தேன்.

4. நான் தடை செய்தது வேறு ஏகாம்பரம். அவர் என் அப்பா.

5. இனி ஆள் மாறக்கூடாது என்று, பெயருக்குப் பக்கத்தில் தெருவும் தெரியும்படி செய்தேன்.

6. நான்கு மணி நேரம் கழித்து அதைத் திரும்ப எடுத்தேன். அதற்குள் எங்கள் தளத்தின் மிகச் சிறந்த எழுத்தாளர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

நான்காவது வரை ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆறாவது நடக்காமல் இருந்திருந்தால் இந்தக் குறிப்புகளை எழுதியிருக்க மாட்டேன். அப்பாவைத் தடை செய்த கதையைத் தொலைபேசியில் சொல்லிச் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

*

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் ஹேமலதா. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம். இப்போது நெதர்லாந்தில் ஐந்தோவன் நகரத்தில், கணினிச் சில்லுகள் செய்யும் இயந்திரங்களைச் சோதிக்கும் வேலை. காலையில் சைக்கிளில் ஆறு கிலோமீட்டர், எதிர்க்காற்று. மாலையில் சைக்கிளில் ஆறு கிலோமீட்டர், அதுவும் எதிர்க்காற்றுதான். எப்படி என்று அலுவலகத்தில் கேட்டேன். இங்கே பிறந்தவர்களுக்கும் தெரியவில்லை.

காஞ்சிபுரத்துக்காரர்கள் எங்கிருந்தாலும் வந்து எழுதட்டும் என்று ஒரு தளம் தொடங்கி நாலைந்து வருடங்களாக நடத்துகிறேன். தொழில்நுட்பம் முழுக்க என் பொறுப்பு. விதிகளும் என் பொறுப்பாயின, ஏனென்றால் விதிகளை எழுத வேறு யாருக்கும் ஆசை இல்லை. எனக்கு ஆசை இருந்தது.

எங்கள் அலுவலகத்தில் வருடம் ஒருமுறை 'மரியாதையான நடத்தை' என்று இணையவழிப் பயிற்சி உண்டு. அதில் கார்ட்டூன் மனிதர்கள் இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் இன்னொருவரின் பேச்சில் குறுக்கிடுவார். குறுக்கிட்டது சரியா, தவறா, சூழலைப் பொறுத்ததா என்று கேட்பார்கள். நான் நூற்றுக்கு நூறு வாங்குவேன். பயிற்சி முடிந்து வெளியே வந்தால் என்னுடன் வேலை பார்க்கும் மார்லுஸ் நேராக என் முகத்தைப் பார்த்து, "உன் அறிக்கை சலிப்பாக இருக்கிறது, பாதியில் நிறுத்திவிட்டேன்" என்பாள். அவளும் நூற்றுக்கு நூறுதான்.

அந்தப் பயிற்சியைப் பார்த்துத்தான் எங்கள் தளத்துக்கு முதலில் பத்து விதிகள் எழுதினேன். மூன்றாம் விதி: யாரையும் பட்டப்பெயர் சொல்லி அழைக்கக்கூடாது. நான்காம் விதி: ஒருமையில் பேசக்கூடாது. நான்காம் விதிக்காக ஒரு சிறு நிரலும் எழுதினேன். 'நீ' வந்தால் சிவப்புக் கொடி, 'நீங்கள்' வந்தால் பச்சைக் கொடி. என் அப்பாவை நான் பிறந்ததிலிருந்து 'நீ' என்றுதான் கூப்பிடுகிறேன். அந்த நிரல்படி நான் அவரிடம் பேசும் ஒவ்வொரு வாக்கியமும் விதிமீறல். எழுதும்போது இது எனக்குத் தோன்றவில்லை.

*

எங்கள் தளத்தில் எல்லோரும் வந்து படிப்பது ஒருவரைத்தான். புனைபெயர் தண்ணிப்பாம்பு. "கடிச்சாலும் விஷம் இல்ல; ஆனா குளத்துல இருக்கிறவங்களை எல்லாம் கரைக்கு ஏத்திடுவேன்" என்று தன் அறிமுகத்தில் எழுதியிருந்தார். தொழில், மணப்பெண் அலங்காரம். ஊரில் பாதி வீடுகளின் உள்ளறை வரை போய் வருகிறவர். பெயர் எதையும் சொல்லாமல், அங்கே பார்த்ததை எழுதுவார்.

முகூர்த்தத்துக்கு முந்தைய ஒரு மணி நேரத்தைப் பற்றி ஒருமுறை எழுதினார். பதினான்கு பேர் பெண்ணுக்குப் பதினான்கு விதமாக யோசனை சொல்வார்கள். பெண் அந்த ஒரு மணி நேரத்தில் வாயைத் திறந்து கேட்பது ஒரே கேள்வி: "அக்கா, சாப்பிட எதனா இருக்குதா?" அதற்காகவே இவர் தன் அலங்காரப் பெட்டியில், பவுடருக்கும் ஊசிகளுக்கும் நடுவில், இரண்டு இட்லி வைத்திருப்பாராம். இன்னொன்றில், பட்டுப் புடவை எடுக்க வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துவிட்டுச் சிரிப்பின் அளவை முடிவு செய்யும் கடைக்காரர் ஒருவரைப் பற்றி எழுதினார். கடையின் பெயர் இல்லை, தெரு இல்லை. ஆனாலும் நான்கு கடைக்காரர்கள், அது தங்கள் கடை அல்ல என்று மறுப்பு எழுதினார்கள்.

நால்வரில் மூவர் ஓய்ந்துவிட்டார்கள். ஒருவர் ஓயவில்லை. அவர் வரதராஜன். ஐந்து வரதராஜன்களில் பட்டுக்கடை வைத்திருப்பவர் இவர் மட்டும்தான். அவர் எழுதும் தமிழைப் பார்த்தால் நீங்களே எழுந்து நிற்பீர்கள்.

"மதிப்பிற்குரிய சகோதரி அவர்களுக்கு வணக்கம். தங்கள் பதிவினை வாசித்தேன். தங்களைப் போன்றவர்களும் எழுதப் படிக்கக் கற்றிருப்பது நாட்டின் வளர்ச்சியைக் காட்டுகிறது. தாங்கள் பெயரை வெளியிடும் துணிவையும் விரைவில் பெற வேண்டும் என வேண்டுகிறேன்."

பச்சைக் கொடி. முழுப் பச்சை.

அதன் கீழே, எங்கள் தெருமுனையில் பஞ்சர் கடை வைத்திருக்கும் டயர் ஏகாம்பரம்:

"தே தண்ணிப்பாம்பு, இன்னாமா எழுதிக்கினு இருக்கிற நீ! சிரிச்சி சிரிச்சி டீ மொத்தமும் லுங்கில ஊத்திக்கினேன். லுங்கிக்கு நீதான் பொறுப்பு."

சிவப்புக் கொடி. இரண்டு முறை.

வரதராஜன் எனக்குத் தனியாகவும் எழுதினார். யார் வேண்டுமானாலும் முகம் மறைத்துக்கொண்டு எதையும் சொல்லலாம் என்றால் அது கருத்துச் சுதந்திரமா, ஒளிந்துகொண்டு கல்லெறிவதா என்று கேட்டிருந்தார். கேள்வி எனக்கு நியாயமாகப்பட்டது. பதிவு எழுதுகிறவர்கள் புனைபெயர் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அவர்களுடைய சொந்தப் பெயரும் தெருவும் நிர்வாகியான என்னிடம் மட்டும் இருக்க வேண்டும். கருத்துச் சொல்கிறவர்கள் எல்லோரும் தெருவை என்னிடம் கொடுத்துவிட்டுச் சொந்தப் பெயரில் வர வேண்டும் என்று முடிவு செய்தேன். நான்காம் விதிக்குக் கீழே ஐந்தாம் விதி பிறந்தது; மொத்தம் பதினொன்று.

*

இந்த இடத்தில் நெதர்லாந்து நகராட்சி அலுவலகத்தைப் பற்றிச் சொன்னால்தான் என் தவறு புரியும்.

வந்த புதிதில் பதிவு செய்யப் போனேன். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர் இருக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மையார் கேட்டார்:

"ஏகாம்பரம் உங்கள் கணவரா?"

"அப்பா."

"அப்படியானால் அப்பாவின் குடும்பப் பெயர் ஏகாம்பரம்."

"இல்லை, அது அவருடைய பெயர்."

"அவருடைய குடும்பப் பெயர்?"

"அவருக்கு ஒரு எழுத்துதான். மு."

"அந்த எழுத்துதான் குடும்பமா?"

"அது அவருடைய அப்பா."

அந்த அம்மையார் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எங்கள் பரம்பரையே எழுத்து எழுத்தாகக் கரைந்துகொண்டு வருகிறது என்பதுபோல என்னைப் பரிவாகப் பார்த்தார். அன்றிலிருந்து இந்த நாட்டில் நான் திருமதி ஏகாம்பரம். தண்ணீர்க் கட்டணம், நூலகம், பல் மருத்துவர், எல்லாம் திருமதி ஏகாம்பரத்துக்கு. இங்கே நான் பார்த்தவரை வேறு ஏகாம்பரம் கிடையாது. வரவேற்பறையில் அந்தப் பெயரை எப்படிக் கடித்துக் குதறிக் கூப்பிட்டாலும் நான்தான் எழுந்து போக வேண்டும்.

ஆகவே பெயர் என்றால் ஒரு ஆள் என்று நம்பத் தொடங்கிவிட்டேன். ஊரை விட்டு வந்த சில வருடத்தில் எனக்கு இவ்வளவு மறந்துவிட்டது. மூன்று கோயில்களின் பெயரை ஊர் முழுக்கப் பங்கிட்டு வைத்துக்கொண்ட ஊர் எங்களுடையது. அதனால்தான் அங்கே யாரையும் பெயரை மட்டும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டயர் ஏகாம்பரம், மோர் ஏகாம்பரம், இரண்டு முறை கல்யாணமான டபுள் ஏகாம்பரம், மின்சார அலுவலகத்தில் வேலை பார்த்த என் அப்பா லைன்மேன் ஏகாம்பரம். அந்தப் பட்டப்பெயரில்தான் ஆள் இருக்கிறார். அதை மூன்றாம் விதி எடுத்துவிட்டது. மீதியை ஐந்தாம் விதி எடுத்துவிட்டது. முகமூடியைக் கழற்றச் சொல்லி நான் போட்ட விதியால், எங்கள் தளத்தின் சரித்திரத்தில் முதன்முறையாக, யார் என்ன எழுதினார்கள் என்று யாருக்கும் தெரியாமல் போனது.

அந்த இருட்டில்தான் எருமை வந்தது.

*

அப்பா தொலைபேசியில் கூப்பிட்டார். பின்னணியில் டீக்கடைச் சத்தம்.

"இன்னாம்மா, என்னை ஏழு நாளு வெளிய நிக்க வெச்சிட்டியாமே?"

"நீ ஏன்பா அவரை எருமைன்னு எழுதினே?"

"நான் எங்கமா எழுதினேன்? நான் வாழ்த்துக்கள்னு தான் எழுதுவேன்."

உண்மைதான். அப்பா எல்லாப் பதிவுக்கும் வாழ்த்துக்கள் என்று எழுதுவார். பிறந்தநாள், பாலாற்றில் தண்ணீர் வந்தது, மின்வெட்டு அறிவிப்பு, எல்லாவற்றுக்கும். இரங்கல் செய்திக்கு ஒருமுறை எழுதிவிட்டு, பிறகு 'ஆழ்ந்த' என்று முன்னால் சேர்த்தார்.

"அப்போ எருமை யாரு எழுதினது?"

"டயரும்மா அது. அவன் எழுத்து பார்த்தாலே தெரியாதா? அவன்கிட்டயே கேளு, இங்கதான் குந்திக்கினு சிரிக்கிறான்."

பின்னாலிருந்து ஒரு குரல்: "ஹேமா! உங்கப்பன் எனக்கு பதிலா உள்ள போயிட்டாரு! தியாகிமா அவரு!"

"டீக்கடையில எனக்கு மாலை போட்டானுங்க," என்றார் அப்பா. வருத்தமாகச் சொல்ல முயன்றார். முடியவில்லை.

மறுநாள், செவ்வாய்க்கிழமை, மதிய உணவு நேரத்தில் உட்கார்ந்து ஒரு மாற்றம் செய்தேன். பெயருக்குப் பக்கத்தில் தெரு. எங்களிடம்தான் எல்லோருடைய தெருவும் இருக்கிறதே. ஒரே வரி நிரல். ஏழு ஏகாம்பரங்களுக்கும் ஏழு தெரு, சோதித்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. நான் சோதித்தது ஏகாம்பரங்களை மட்டும். பிறகு தூசி புகாத சோதனை அறைக்குள் போனேன். அங்கே கைப்பேசிக்கு அனுமதி இல்லை. பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். தலை முதல் கால் வரை வெள்ளை உடையில், நான்கு மணி நேரம், மிக நல்ல மனநிலையில் வேலை பார்த்தேன்.

நான் எழுதிய ஒரு வரி, எல்லாக் கணக்குகளுக்கும் தெருவைக் காட்டியது. புனைபெயர்களுக்கும்.

தண்ணிப்பாம்பு என்ற பெயருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தின் பெயரும், அதையடுத்து 'காலனி' என்ற சொல்லும், தெரு எண்ணும் வந்து நின்றன. அந்த ஒரு சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் விளக்கம் தேவையில்லை. அந்தக் காலனியில் மணப்பெண் அலங்காரம் செய்கிறவர் ஒருவர்தான்.

*

பெட்டியைத் திறந்தபோது அறுபது செய்திகளுக்கு மேல் இருந்தன. ஆறு நிமிடத்தில் மாற்றத்தைத் திரும்ப எடுத்தேன். ஆனால் திரையைப் படம் பிடித்து ஊர்க் குழுக்களில் எல்லாம் அனுப்பியாகிவிட்டது. கடைசிப் பதிவின் கீழே வரதராஜன் எழுதியிருந்தார்:

"சகோதரி எங்கிருந்து எழுதுகிறார் என்பது இன்று தெளிவாயிற்று. அதனால் இன்னும் பல விஷயங்களும் தெளிவாயின. சகோதரி மேன்மேலும் வளர வாழ்த்துகிறேன்."

பதினோரு விதிகளையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தேன். ஒன்றைக்கூட அவர் மீறவில்லை.

மறுநாள் அவரிடமிருந்து அழைப்பு வந்தது. தண்ணிப்பாம்பிடமிருந்து. அதுவரை அவர் குரலை நான் கேட்டதில்லை. சின்ன, சிரிக்கிற குரல். நான் "ஸாரிக்கா" என்பதை எத்தனை முறை சொன்னேன் என்று தெரியவில்லை.

"இரு, இரு. ஹேமா, நீ புள்ளார்பாளையம் தானே?"

"ஆமாக்கா."

"உன் தெரு பேரைக் கேட்டுட்டு யாராச்சும் உன்னை வாசல்லயே நிக்க வெச்சிருக்காங்களா?"

"இல்லக்கா."

"அதான். உனக்கு தெருன்றது போஸ்ட்மேனுக்கு."

எழுதி வைத்திருந்த தாளைக் கையில் எடுத்தேன்.

"ரெண்டு கல்யாணம் போயிடுச்சி," என்றார். "ஒரு வீட்டுல நேராவே சொல்லிட்டாங்க. அது பரவாயில்ல. இன்னொரு வீட்டுல பொண்ணுக்கு அலர்ஜியாம். அவ அக்காவுக்கு நான்தான் போட்டேன், அத்தைக்கு நான்தான் போட்டேன், அவ சடங்குக்கும் நான்தான் போட்டேன். நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு அலர்ஜி வந்துடுச்சிபா. எழுதினா எவ்ளோ நல்லா இருக்கும் பாரு. எழுத முடியாது."

"அக்கா, நான் ஒரு லிஸ்ட் போட்டிருக்கேன். சரி பண்றதுக்கு. முதல்ல, மன்னிப்பு அறிவிப்பு. ரெண்டாவது, அந்த வரதராஜன் கமெண்ட்டை எடுத்துட்டு அவரை நிரந்தரமா..."

அவர் சிரித்துவிட்டார். "மன்னிப்புக்குக் கூட நம்பர் போட்டுக்கினு வந்திருக்கியா? இன்னா பொண்ணுமா நீ! எத்தினி இருக்குது?"

"எட்டு."

"அந்த ஆளு கமெண்ட்டை எடுக்காத."

"அக்கா, அது எவ்வளவு..."

"தெரியும். எனக்குத் தெரியாதா? இருக்கட்டும். எடுத்தீன்னா, என் வாய மூடிட்டாங்கன்னு நாளைக்கு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிவாரு. இருந்தா, அவரு இன்னா எழுதினாருன்னு அவரு பொண்ணும் படிக்கும். அந்தப் பொண்ணுக்கு நான்தான் மேக்கப் போட்டேன். ரெண்டு இட்லியும் துன்னுச்சி."

"நீங்க திரும்ப எழுதுவீங்களா?"

யாரோ அவரைக் கூப்பிட்டார்கள், வருகிறேன் என்றார்.

"நேத்து வரைக்கும் எழுதினது யாருன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். அது ஒரு சொகம்பா. எதை வேணா சொல்லலாம். இனிமே ஒரு வரி எழுதினா, எந்த வீட்டைன்னு பாக்க மாட்டாங்க, எந்த காலனின்னு பாப்பாங்க. எழுதறேனா இல்லையான்னு நான் சொல்றேன். நீ கேக்காத."

"சரிக்கா."

"உங்கப்பா ஒருத்தருதான் நேத்து முழுக்க என்னைப் பத்தி தப்பா ஒண்ணும் எழுதல. வாழ்த்துக்கள்னு போட்டிருந்தாரு."

அப்பாவின் தடையை நான் இன்னும் நீக்கவில்லையே என்று யோசித்தேன். பார்த்தால், டயர் ஏகாம்பரத்தின் கணக்கில் போய் எழுதியிருக்கிறார்.

*

அதன்பிறகு ஒரு வாரம் விதிகளோடு உட்கார்ந்தேன். மார்லுஸிடமும் சொன்னேன். பிறந்தநாள் விழா ஒன்றில், வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்து, எல்லோரும் எல்லோருக்கும் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தோம். இங்கே பிறந்தநாள்காரருக்கு மட்டுமல்ல, அவருடைய அம்மாவுக்கு, தங்கைக்கு, பக்கத்து வீட்டுக்காரருக்கும் வாழ்த்துச் சொல்ல வேண்டும். என் அப்பாவைக் கொண்டுவந்து விட்டால் ஒரே நாளில் குடியுரிமை கொடுத்துவிடுவார்கள்.

"உன் தவறு," என்றாள் மார்லுஸ், கேக்கைக் கடித்தபடி. "நீ மரியாதையை அளந்தாய். அவமானத்தை அளக்கவில்லை." அவள் பேச்சில் ஒரு பணிவுச் சொல்கூட இல்லை. எனக்கு அது உதவியாக இருந்தது.

வரதராஜனின் கருத்தைத் தடுக்கும் ஒரு விதியை எழுத ஒன்பது முறை முயன்றேன். இறுக்கினால் டயர் ஏகாம்பரத்தின் வாயும் சேர்ந்து அடைபடுகிறது. தளர்த்தினால் வரதராஜன் வணக்கம் சொல்லிக்கொண்டே நுழைகிறார். ஒன்பதாவது வரைவில் தண்ணிப்பாம்பின் செருப்புப் பதிவே விதிமீறலாகிவிட்டது. அங்கே நிறுத்தினேன்.

தண்ணிப்பாம்பு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினார். கூரம் கிராமத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாளாம். "அக்கா, நீங்கதான் அவங்களா? என் கல்யாணத்துக்கு நீங்கதான் வரணும். ஆனா எங்க வீட்டைப் பத்தி கண்டிப்பா எழுதணும். எங்க சித்தியை எழுதாம விடாதீங்க" என்றாளாம். இதை இங்கே சொல்லலாமா என்று கேட்டேன். "என் பேரைப் போடாத, பாம்பைப் போடு. சித்தியை நான் பாத்துக்கிறேன்" என்று பதில் வந்தது.

*

இப்போதைய நிலை:

பதினோரு விதிகள் நான்காகிவிட்டன. ஐந்தாம் விதி இல்லை. பட்டப்பெயருக்குச் சொந்தக்காரர் சம்மதித்தால் பட்டப்பெயர் செல்லும். 'நீ'க்குக் கொடி கிடையாது.

ஏழு ஏகாம்பரங்களும் தங்களுக்குப் பிடித்த பெயரில் இருக்கிறார்கள். அப்பா 'வாழ்த்துக்கள் ஏகாம்பரம்' என்று மாற்றிக்கொண்டார். எருமைக்காக டயர் ஏகாம்பரத்துக்கு மூன்று நாள் தடை போட்டேன்; டீக்கடையில் அவருக்கும் மாலை.

யாருடைய தெருவும் இனி எங்களிடம் இல்லை. தரவுத்தளத்திலிருந்தே அழித்துவிட்டேன். படம் பிடித்தவர்களிடம் இருப்பதை அழிக்க என்னால் முடியாது.

வரதராஜனின் கருத்து இருந்த இடத்திலேயே இருக்கிறது. அவர் இன்னும் எழுதுகிறார், இன்னும் வணக்கம் சொல்கிறார். அவருக்கு இப்போது பதில் சொல்கிறவர்கள் அதிகம்.

போன இரண்டு கல்யாணங்களும் திரும்பி வரவில்லை. கூரத்துக் கல்யாணம் அடுத்த முகூர்த்தத்தில்.

தண்ணிப்பாம்பின் கணக்கில், தலைப்பு வைக்காத ஒரு வரைவு இருக்கிறது. நேற்று மதியம் யாரோ அதில் எழுதியிருக்கிறார்கள். நிர்வாகிகள் பிறருடைய வரைவைத் திறந்து பார்க்கும் வசதியை அதற்குப் பிறகு நீக்கினேன், என் கணக்கிலிருந்தும். நீக்குவதற்கு முன்பு நான் திறந்து பார்க்கவில்லை. பதிவு இன்னும் வெளியாகவில்லை. நான் கேட்கவில்லை.